நான்கு தலைவர்களும் ஒரு தாளமும்

ஜூன் 3, செவ்வாய்

வெளியே சொல்ல முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்று காலை என் தோல் பேண்ட்டை என் மனைவி கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். நான் அதற்குள் இருக்கும்போதே.

ஐம்பத்து நான்கு வயதுக்காரன், தொண்ணூறுகளில் மேடையில் போட்ட பேண்ட்டை எதற்காகக் குளியலறைக்குள் கொண்டுபோய் மாட்டிப் பார்க்க வேண்டும்? கோகுல்நாத் போன் செய்ததுதான் காரணம். ஏறுவதற்கு ஏறிவிட்டது. மூச்சைப் பிடித்து ஜிப்பையும் மேலே இழுத்துவிட்டேன். இறக்கத்தான் முடியவில்லை. வலது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடது கையால் இழுத்தால், அந்தச் சின்ன உலோகத் துண்டு விரலில் சிக்கவே மாட்டேன் என்கிறது. பழைய ஜிப், துருப் பிடித்திருக்கும்.

மங்கை கதவைத் தட்டினாள். "உள்ள என்னங்க பண்றீங்க, இவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி முனகுறீங்க?"

வெட்டி முடித்த பிறகு, தோலில் நல்ல பகுதியாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டாள். தையல் மிஷினுக்கு உறையாகும்.

கோகுல் சொன்னது இதுதான். ஏற்கெனவே தனித்தனியாகப் பெயரெடுத்த நாலு பேர் சேர்ந்து ஒரே ராக் குழு. 'சூப்பர் குரூப்' என்றான். ஆகஸ்ட் 30, நந்தனத்தில் ஒரு மைதானம், பெரிய மேடை, பெரிய திரைகள். லீட் கிட்டார் அவன்: 'லெவல் கிராசிங்' கோகுல்நாத். பாட்டு யூனிஸ்: 'மஞ்சள் பல்பு' குழுவை ஆரம்பித்து, அப்புறம் சினிமாவில் பாடி, பட்டுப்புடவை விளம்பரம் வரைக்கும் போனவள். டிரம்ஸ் ராயபுரம் செல்வின், 'ஒன்பது மணிச் சங்கு'. பாஸ் கிட்டார் 'கறுப்புக் குடை' சாம், அதாவது திருஞானசம்பந்தம், அதாவது நான். என் பாஸ் எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. எந்தெந்தப் பாட்டு என்று என் மனைவிக்கே தெரியாது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. செல்வினின் மனைவி ஃபிலோமினா போன வருஷம் இறந்ததிலிருந்து அவன் டிரம்ஸ் குச்சியைத் தொடவில்லை. கோகுல் கேட்டதும் சரி என்றிருக்கிறான். அவன் பின்வாங்கிவிடாமல் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அதற்காகவே ஒப்புக்கொண்டேன் என்று மங்கையிடம் சொன்னேன்.

"அப்ப அந்த பேண்ட் அவருக்காகவா?" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

வளசரவாக்கத்தில் கோகுல் வீட்டு மாடியில்தான் ஒத்திகை அறை. இன்று ஒத்திகை இல்லை, பெயர் சூட்டு விழா.

"லெவல் கிராசிங் ரிட்டர்ன்ஸ்னு வெச்சா ஈஸியா ரீச் ஆகும்," என்றான் கோகுல்.

"அப்ப நாங்கல்லாம் யாரு? கேட் கீப்பரா?" என்றாள் யூனிஸ்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் யூனிஸ்."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன். யூனிஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்."

செல்வின் மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். "இன்னாப்பா, எலக்சன் கூட்டணி மாதிரி அட்ச்சிக்கிறீங்க. கூட்டணின்னே வெச்சிட்டுப் போங்களேன்."

வைத்துவிட்டோம். உடனே தொகுதிப் பங்கீடு தொடங்கியது. கோகுலுக்கு ஐந்து பாட்டு, யூனிஸுக்கு ஐந்து, எனக்கும் செல்வினுக்கும் தலா ஒன்று. செல்வின் தன்னுடையதையும் யூனிஸுக்கே விட்டுக்கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. நாலு பேரும் தலைவர்கள், தொண்டர் என்று ஒருவர்கூட இல்லை, போஸ்டர் ஒட்டப்போவது யார் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது செல்வின் சொன்னான்: "வீட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான்டா கேக்குது சம்பந்தம். இங்க வந்து இவங்க சண்டையக் கேட்டா நல்லாக்கீது."

என்னைச் சம்பந்தம் என்று கூப்பிடுவதற்கு உலகத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். இவனும் ரேஷன் கடைக்காரரும்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் ஒத்திகை. இந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி காதுக்கருவி மாட்டிவிடுகிறார்கள். யாருக்கு எந்தச் சத்தம் வேண்டுமோ அதை மட்டும் தனியாக அனுப்பலாம். இதைக் கவனிக்க ஜெனிட்டா என்றொரு சவுண்ட் இன்ஜினியர். முப்பது வயதிருக்கும், முகத்தில் எதையும் காட்டாத பெண்.

"சார், உங்க காதுல என்ன வேணும்?"

"கிட்டார்," என்றான் கோகுல். "அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டார்."

"மத்தவங்க?"

"மத்தவங்க எங்க போயிடப்போறாங்க?"

யூனிஸ் தன் குரல் போதும் என்றாள். கோகுலைச் சுத்தமாக எடுத்துவிடச் சொன்னாள். நான் என் பாஸைக் கேட்டேன்; மேலே கொத்தமல்லி மாதிரி டிரம்ஸ் கொஞ்சம் தூவச் சொன்னேன். செல்வின் மட்டும், "எல்லாரையும் குடும்மா. யாரு இன்னா பண்றாங்கன்னு தெரிய வேணாமா?" என்றான்.

அவனுக்கு ஒரு கூடுதல் தண்டனையும் உண்டு. திரைப் படங்களும் விளக்குகளும் கம்ப்யூட்டர் கணக்கில் ஓடப்போகின்றன. பாட்டு அதோடு ஒத்துப்போக வேண்டுமே. அதற்காக டிரம்மர் காதில் மட்டும் 'க்ளிக்' என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் விழுந்துகொண்டே இருக்கும். அவன் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அவனைப் பிடித்துக்கொள்வோம்.

அங்கேதான் இடறியது. நானும் செல்வினும் முப்பது வருஷம் ஸ்டூடியோக்களில் சேர்ந்து வாசித்தவர்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் டிரம்ஸ் பெடலை மிதிப்பான். அந்தப் பெருவிரல் எழும்போதே இங்கே என் விரலும் எழும். சொல்லிக்கொள்வதில்லை, எண்ணுவதில்லை. இன்று ஒவ்வொரு முறையும் அவன் கால் எனக்கு முன்னால் போய் இறங்கிவிட்டது.

செல்வின் தாளத்தை முந்தி ஓடுகிறான்.

ஜூன் 19, வியாழன்

காபி டம்ளர் கை தவறி விழுந்தது. மங்கை பாத்திரம் தேய்க்கும் சோப்பை மாற்றியிருக்கிறாள் போலிருக்கிறது, எல்லாம் வழுக்குகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் ஓடினான்.

இடைவேளையில் கோகுல் என் பக்கத்தில் வந்தான். "அடியில ஏதோ ஒட்டலையே சாம்?"

அடி என்றால் இரண்டு பேர். டிரம்ஸ் ஒன்று, பாஸ் ஒன்று. நான் பதில் சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்தேன். இப்படி எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் கேட்டவரே ஒரு பதிலுக்கு வந்துவிடுவார்.

"செல்வினா?" என்றான் கோகுல்.

நான் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். அதற்காகவே இதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

யூனிஸுடன் போனில் நீண்ட பேச்சு. கோகுலின் முன்மண்டையில் இருப்பது அவன் முடி இல்லையாம், டேப் போட்டு ஒட்டியதாம். தலையை ஆட்டி வாசிக்கிற பாட்டுகளை ஏன் குறைக்கச் சொல்கிறான் என்று இப்போதுதான் விளங்கியது. இந்த மாதிரி விஷயங்களில் யூனிஸ் நம்பகமானவள். அவளும் முடிக்கு அதே ஆளிடம்தான் போகிறாள்.

பேச்சு செல்வினிடம் வந்தது. நான்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல முடியாது. வந்தது.

"அவனுக்கு டெம்போ ஓடுது யூனிஸ். பாவம், ஃபிலோமினா போனதுலேர்ந்து மனசு ஒரு இடத்துல நிக்கல."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உன் காதுல நீ மட்டும்தானே இருக்கே."

"அது சரி. தண்ணி கிண்ணி போடறானோ?"

"தெரியல," என்றேன்.

செல்வின் கிறிஸ்துமஸ் அன்றுகூட ஒயின் பாட்டிலைத் தள்ளி வைப்பவன். ஆனால் வீட்டில் தனியாக இருப்பவன் என்ன செய்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அந்த அர்த்தத்தில் 'தெரியல' என்பது உண்மைதான். சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மங்கை கொத்தவரங்காயில் உப்பு அதிகம் போட்டிருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிப்போக செல்வின் வந்தான். மங்கை அவனுக்கு இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடா."

என் வலது கைச் சட்டை முனையில் பொத்தான் போடாமல் தொங்கியது. அதைப் போட்டுவிட்டான், பள்ளிக்கூடப் பையனுக்குப் போடுவது மாதிரி.

"ஸ்டைலுக்கு வுட்டேன்டா," என்றேன்.

"இட்து கை மர்த்துப் போவுதா?"

"அந்தப் பக்கம் சாஞ்சு படுத்துட்டேன்."

"போன மாசம் பூராவுமா?"

மங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். நேரமாகிறது என்று சொல்லி நான் படியிறங்கிவிட்டேன்.

ஒத்திகையில் அடுத்த கூத்து. என் ஒரே பாட்டின் நடுவில் வேகமான விரலோட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். 'கறுப்புக் குடை' காலத்தில் அதற்காகவே பெண்கள் முன்வரிசைக்கு வருவார்கள். சரி, ஒரு பெண். அவள் ஒலிபெருக்கிக்காரரின் தங்கை. செல்வின் என் காதருகே வந்து, "அந்த ஓட்டம்லாம் வேணாம்டா சம்பந்தம். ரெண்டே நோட்டு, கனமா வை. போதும்," என்கிறான்.

தன் ஓட்டத்தை மறைக்க என் ஓட்டத்தை வெட்டச் சொல்கிறான். மனைவியை இழந்தவன் என்று பார்க்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

மங்கை நரம்பு டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கியிருந்தாள். வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். வேலை: தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் கோகுல் கிட்டாரைக் கழற்றி வைத்தான். "செல்வின், தப்பா எடுத்துக்காதே. டெம்போ ஓடுதுன்னு ஒரு ஃபீலிங் இருக்கு."

"யாருக்கு?"

கோகுல் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தான், அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யூனிஸ் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

ஜெனிட்டா எழுந்தாள். "சார், நான் ஒண்ணு சொல்லலாமா? ரெகார்டிங்ல பாத்தா..."

"ஜெனி," என்றான் செல்வின். "நீ அந்த ஒயரப் பாரும்மா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ரெகார்டிங்கில் என்ன என்று நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை. தலைவர்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

"டிரம்ஸைக் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுக்கலாம்," என்றான் கோகுல். "நீ மேலாக்க சும்மா அடி. ஆடியன்ஸுக்குத் தெரியாது."

கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம், சாப்பாடு ஓட்டலிலிருந்து வருகிறது, நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி நில்லுங்கள் என்று சொல்வதுபோல் இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சொன்னது இதுவரை போகும் என்று நினைக்கவில்லை. நான் எதுவும் சொல்லவுமில்லை.

செல்வின் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைப் பார்த்தான். நான் அதைக் கிட்டாருக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஆமா கோகுல். தப்பு எம்மேலதான்," என்றான். "ஒரே ஒரு வாரம் குடு. சரி பண்ணிடறேன். முடியலன்னா நானே போயிடறேன்."

கீழே இறங்கியதும் டீ சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

"கோவமாடா?"

"உங்கிட்ட இன்னாடா கோவம்? வீட்ல ஃபேன அணைக்காம வந்துட்டேன்."

ஜூலை 27, ஞாயிறு

அதிசயம். சரியாகிவிட்டது! முதல் பாட்டிலிருந்தே அவன் காலும் என் விரலும் ஒன்றாக இறங்கின. பழைய ஸ்டூடியோ நாட்கள் மாதிரி. கோகுல் பாதிப் பாட்டில் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

பாட்டுகள் முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாகிவிட்டன. "இப்பத்தான் வெயிட்டா இருக்கு," என்றான் கோகுல். திரைகளும் விளக்குகளும் கச்சேரி மேடைக்குத்தான் வரும் என்பதால் ஒத்திகையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை.

ஓர் ஆளிடம் நேரடியாகச் சொன்னால் திருந்திக்கொள்கிறான் பாருங்கள். அந்தச் சங்கடமான வேலையை நான்தான் தொடங்கிவைத்தேன் என்பதில் ஒரு திருப்தி. செல்வின் ஒத்திகை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக நான்தான் அவனைப் பார்ப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

மங்கை ஜெயித்தாள். நரம்பு டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். வலது கையில் பிரமாதமாகச் செய்தேன்.

கழுத்தெலும்பு, அழுத்தம், ஸ்கேன் என்று ஏதேதோ சொன்னார். "எத்தனை மாசமா சார் இப்படி?" என்று கேட்டார். சமீபமாகத்தான் என்றேன். "பொங்கல்லேர்ந்து," என்றாள் மங்கை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவள் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைத்திருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"செல்வின் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"அவனுக்கு இருக்கிற கவலை போதாதா?" என்றேன். எவ்வளவு அக்கறையான மனிதன் நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று கச்சேரி. கூட்டம் நிரம்பி வழிந்தது. தொப்பையும் நரையுமாக எங்கள் வயதுக்காரர்கள், அவர்கள் பின்னால் வேண்டாவெறுப்பாக வந்த அவர்களுடைய பிள்ளைகள்.

வாசித்தது நன்றாகவே இருந்தது. நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி வாசித்தோம். பிரச்சினை திரையில். முதல் பாட்டு முடிவதற்குள் திரையில் படம் முடிந்து குழுவின் பெயர் வந்துவிட்டது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. யூனிஸ் மெல்லிய குரலில் இறங்கிப் பாட வேண்டிய இடத்தில் மேடையின் இரண்டு பக்கமும் பூவாணம் சீறியது. அவள் துள்ளிய துள்ளலில் மைக் ஸ்டாண்ட் சாய்ந்தது. கோகுலின் கடைசிப் பாட்டான 'மின்வெட்டு' பாதியில் மொத்த விளக்கும் அணைந்தது. இருட்டில் வாசித்தோம். அது ஏற்பாடு என்று நினைத்துக் கூட்டம் செல்போன் விளக்கையெல்லாம் ஏற்றிக் கூத்தாடியது. கச்சேரியில் அதிகக் கைதட்டல் அதற்குத்தான்.

அந்த வெளிச்சத்தில் செல்வின் தெரிந்தான். சிரித்துக்கொண்டே வாசித்தான். ஃபிலோமினா போனபிறகு அவன் பல்லை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேடைக்குப் பின்னால் கோகுல் குதித்தான். பூவாணச் சூட்டில் முன்மண்டையில் ஒட்டிய முடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"க்ளிக் உன் காதுலதானே இருக்கு? அப்புறம் எப்படி ஸ்க்ரீன் முந்தும்?"

"ஆமாப்பா. இழுத்துட்டேன் போலக்கீது," என்றான் செல்வின்.

ஜூனில் ஓடினான், ஆகஸ்டில் இழுத்துவிட்டான். நான் என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 7, ஞாயிறு

கச்சேரி வீடியோவுக்குக் கீழே ஊர் முழுக்க எழுதியிருக்கிறது. 'டிரம்மருக்கு வயசாயிடுச்சு.' 'அந்தத் தாத்தாவுக்கு ரெஸ்ட் குடுங்கப்பா.' பாஸ் பற்றி ஒருவர் மட்டும் எழுதியிருந்தார், நன்றாக இருக்கிறது என்று. அதை மங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

அடுத்து பெங்களூர்க் கச்சேரிக்கு வேறு டிரம்மராம். செல்வின் தானாகவே விலகிக்கொண்டான். போன் செய்தேன்.

"பரவால்லடா. ஒரு தபா நல்லா வாசிச்சோம்ல?" என்றான். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

டாக்டரிடம் போனதை அவனிடம் சொன்னாயா என்று மங்கையிடம் கேட்டேன். அவள் சொல்லவில்லையாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கச்சேரி ஒலிப்பதிவை ஆல்பமாக்க ஜெனிட்டா வேலை செய்கிறாள். போனேன். புது டிரம்மருக்கு உதவட்டும் என்று, ஜூன் மாதம் செல்வின் ஓடிய இடங்களைப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். க்ளிக்குக்கு ஒரு வரிசைக் கோடுகள். அதற்குக் கீழே டிரம்ஸ். இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மூன்றாவது வரிசை மட்டும் ஒவ்வொரு இடத்திலும் சற்றுத் தள்ளித் தள்ளி நின்றது.

அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"அப்ப ஜூலைக் கடைசியில எப்படிச் சரியாச்சு?"

"க்ளிக்கை எடுத்துடுன்னார் சார். பாட்டு மெதுவாகி ஸ்க்ரீன் முந்திடும்னு சொன்னேன். முந்துனா முந்தட்டும், யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

"வேற என்ன இருந்தது அவன் காதுல? எல்லாரையும் கேட்டானே?"

"மத்ததெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டார்," என்றாள் ஜெனிட்டா. "உங்க பாஸ் மட்டும்தான் சார்."